கணக்கில் வராத கன்றுகள்

ஹரியாணா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி ஓர் எருமைக் கன்று பிறந்தது. விலையுயர்ந்த கருவிகளின் துணையின்றி, கையாலேயே கருமுட்டையைக் கையாளும் எளிய குளோனிங் முறையில் உலகில் முதன்முதலாகப் பிறந்த எருமைக் கன்று என்று அது அறிவிக்கப்பட்டது. அந்தக் கன்று சில நாள்களே உயிரோடு இருந்தது. நுரையீரல் அழற்சி அதைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிறந்த 'கரிமா' என்ற அடுத்த கன்றுதான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

குளோனிங் முறையில் பிறக்கும் கன்றுகளுக்கு உடற்குறைபாடுகள் இருப்பது உலகெங்கும் காணப்படுவதுதான். ஆகவே, விஞ்ஞானிகளைக் குறை கூறுவதற்காக இதை நான் நினைவுகூரவில்லை. அந்தக் கன்றைக் கொன்ற நோய் அரிய நோயல்ல என்பதே என் கவனத்தை ஈர்த்தது. கர்னாலைச் சுற்றியுள்ள எந்தச் சிற்றூரின் தொழுவத்திலும் மார்கழி, தை மாதக் குளிரில் எருமைக் கன்றுகளை வாரிச் செல்லும் அதே நோய்தான் அது. ஆய்வகக் கன்றின் சாவு செய்தியானது. ஊர்த் தொழுவத்துக் கன்றின் சாவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

2019-ஆம் ஆண்டு நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10.98 கோடி எருமைகள் இருந்தன. பசுவினத்தின் எண்ணிக்கை 19 கோடிக்கு மேல். எண்ணிக்கையில் பசுவினத்தில் பாதியைச் சற்றே தாண்டும் எருமைகள், நாட்டின் மொத்தப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைத் தருகின்றன. உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு என்று நாம் சொல்லிக்கொள்ளும் பெருமையின் பெரும் பகுதி இந்தக் கருத்த விலங்கின் மடியிலிருந்து வருவது.

அந்த மடி சுரக்க வேண்டுமானால் எருமை கன்று ஈன வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் ஈனுகிறது. பிறந்த கன்றுகளில் எத்தனை, பால் மறக்கும் வயதை எட்டுகின்றன? நன்கு பராமரிக்கப்படும் பண்ணையில் கன்று இறப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை அறிவியல் மாணவர்கள் படிக்கும் பாடம். இந்திய எருமைப் பண்ணைகளைப் பற்றிய ஆய்வுகளோ, பண்ணைக்குப் பண்ணை, ஊருக்கு ஊர் பெரிதும் மாறுபடும் அளவுகளைக் காட்டுகின்றன. நான்கில் ஒரு கன்று இறப்பது அவற்றில் அரிதான செய்தியல்ல. அதைவிட மோசமான பண்ணைகளும் உண்டு. பெரும்பாலான சாவுகள் முதல் மூன்று மாதங்களுக்குள், அவற்றிலும் மிகுதியானவை முதல் மாதத்திலேயே நிகழ்கின்றன என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 10.98 கோடி எருமைகளில் பெண் எருமைகள் 10.05 கோடிக்கு மேல். அப்படியானால் ஆண் எருமைகள் 1 கோடிக்கும் குறைவு. இயற்கை ஆணையும் பெண்ணையும் ஏறத்தாழச் சமமாகவே பிறப்பிக்கிறது. மீதமுள்ள கடாக்கள் எங்கே? ஒரு பகுதி வளர்ந்தபின் இறைச்சிக்குச் செல்கிறது. அது சட்டத்துக்கு உட்பட்ட வணிகம். எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனால், அந்த வணிகம் மட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிடாது. இறைச்சிக்குப் போகும் அளவுக்குக்கூட வளராமல், கயிற்றில் கட்டப்பட்ட இடத்திலேயே மடிந்துபோகும் கடாக்கன்றுகள் ஏராளம்.

கால்நடை மருத்துவத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இறந்த கன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்து நோயின் பெயரை எழுதுவது எனக்குப் பழக்கமான வேலை. கழிச்சல், நுரையீரல் அழற்சி, தொப்புள் சீழ், குடற்புழு என்று நான்கைந்து பெயர்களுக்குள் பெரும்பாலான சாவுகள் அடங்கிவிடும். ஆனால், ஒரே தொழுவத்தில், ஒரே குளிரில், ஒரே கிருமிகளுக்கு நடுவே வளரும் கன்றுகளில் கடாக்கன்றுகள் கூடுதலாகவும் கிடேரிக் கன்றுகள் குறைவாகவும் இறப்பதைப் பல ஊர்களில் செய்யப்பட்ட ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கிருமிக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. பேதம் தெரிந்தவர் கறப்பவர்தான். எந்தக் கன்றுக்கு எத்தனைக் காம்பு விடுவது என்பதை முடிவு செய்பவர் அவர்.

நோய் கடைசி நாளில் வருகிறது. அதற்கான வாசல் முதல் நாளே திறந்துவிடப்படுகிறது. மனிதக் குழந்தைக்குக் கருவில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகின்றன. எருமைக்கும் பசுவுக்கும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எருமைக் கன்று கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அதற்கான பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரம் கன்றின் குடல், அந்தப் புரதங்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் அனுப்பும் தன்மையுடன் இருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அத்தன்மை வேகமாகக் குறையத் தொடங்கி, ஒரு நாள் முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். மறுநாள் எவ்வளவு சீம்பால் ஊட்டினாலும் அது உணவாகப் பயன்படுமே தவிர, கேடயமாகாது.

முரா எருமையின் கன்று பிறக்கும்போது ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 லிட்டர் சீம்பால் முதல் நாளிலேயே அதற்குச் சேர வேண்டும். அதில் ஒரு பெரும் பங்கு முதல் இரண்டு மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டால் நல்லது. இதற்கு மருத்துவர் தேவையில்லை, மருந்துக் கடை தேவையில்லை, செலவும் இல்லை. சந்தையில் பாலாக ஊற்ற முடியாத சீம்பாலைக் கன்றுக்குக் கொடுப்பதில் பெரிய நட்டமும் இல்லை. இருந்தும் அது உரிய நேரத்தில் கொடுக்கப்படுவதில்லை.

காரணம், ஒரு பழைய நம்பிக்கை. நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்டவிடக்கூடாது. விட்டால் கொடி உள்ளேயே தங்கிவிடும் என்று வட மாநிலங்களிலும் பாகிஸ்தானின் பஞ்சாபிலும் எருமை வளர்ப்போர் பலர் உறுதியாக நம்புகின்றனர். நம் ஊர்களிலும் இந்த நம்பிக்கை இல்லாமல் இல்லை. கொடி விழ ஐந்து மணி நேரம் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். கன்றின் குடல் திறந்திருக்கும் அந்தப் பொன்னான பொழுது முழுவதும் அது கட்டுத்தறியில் காத்துக்கிடக்கிறது. உண்மை நேர்மாறானது. கன்று முட்டி ஊட்டும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. மடியில் பாலை இறக்குவதும், கருப்பையைச் சுருங்கச் செய்து கொடியை வெளியேற்ற உதவுவதும் அந்த ஒரே சுரப்புதான். கொடி விழ வேண்டும் என்று கவலைப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது கன்றை அவிழ்த்துவிடுவதுதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது நம் வீடுகளில் இன்றும் உள்ள பண்பாடு. அதன் சுவையை நானும் அறிவேன். முதல் கறவையைக் கன்றுக்கு விட்டுவிட்டு, இரண்டாம் நாள் கறவையில் இனிப்புச் செய்தால் சுவை சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

சீம்பாலுக்கு அடுத்தபடியாக, எருமைக் கன்றுக்கென்றே வாய்த்த ஒரு பகை உண்டு. அது ஓர் உருண்டைப்புழு. 'டாக்சோகாரா விட்டுலோரம்' என்பது அதன் அறிவியல் பெயர். பசுங்கன்றுகளையும் அது தாக்கும் என்றாலும், வெப்ப நாடுகளில் எருமைக் கன்றுகளே அதற்கு அதிகம் இரையாகின்றன. இப்புழு கன்றை அடையும் வழி வியப்பானது. தாய் எருமையின் உடல் தசைகளிலும் உறுப்புகளிலும் இதன் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். தாய்க்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கன்று ஈனும் தறுவாயில் அவை விழித்துக்கொண்டு மடிக்கு நகர்ந்து, சீம்பால் வழியாகவும் தொடர்ந்து வரும் பால் வழியாகவும் கன்றின் குடலுக்குள் இறங்கிவிடும். கன்றைக் காக்கும் அதே பால்தான் பகைவனையும் சுமந்து வருகிறது. அதற்காகச் சீம்பாலை நிறுத்துவது வீட்டில் எலி இருக்கிறது என்று கூரையைக் கொளுத்துவது போலாகும்.

கன்றின் குடலில் இப்புழு வேகமாக வளர்ந்து ஒரு சாண் நீளத்தையும் தாண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் சாணத்தோடு லட்சக்கணக்கில் முட்டைகள் வெளியேறத் தொடங்கும். வெளுத்த, நாற்றமடிக்கும் கழிச்சல், ஊதிய வயிறு, சொரசொரத்த மயிர், நாளுக்கு நாள் மெலிவு என்று அறிகுறிகள் தெரியும்போது விவசாயி, 'பால் அதிகம் குடித்துவிட்டது, அதனால்தான் கழிகிறது' என்று முடிவு கட்டிப் பாலைக் குறைத்துவிடுகிறார். புழுவுக்கும் பசிக்கும் இடையே சிக்கிய கன்று இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. மண்ணில் விழுந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த சினை எருமையின் வாய்க்குள் போகக் காத்திருக்கும்.

பிறந்த பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் ஒரே ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். புழு முட்டையிடும் பருவத்தை எட்டும் முன்பே அழிந்துவிடும்; தொழுவத்து மண்ணும் தப்பும். பைபரசின் போன்ற பழைய, மலிவான மருந்தே போதுமானது. அதன் ஒரு வேளைச் செலவு ஒரு லிட்டர் எருமைப் பாலின் விலைக்குள் அடங்கும். 'கன்றுக்கு மூன்று மாதம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடப்படும் தொழுவங்களில், மருந்து வந்து சேரும்போது கன்று இருப்பதில்லை.

மற்றவை அனைவரும் அறிந்தவையே. தொப்புள்கொடியைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி அயோடின் தடவுவது, ஈரமில்லாத தரையில் வைக்கோல் பரப்பிக் கன்றைப் படுக்க வைப்பது, வாடைக்காற்று நேராகத் தாக்காமல் சாக்குப் படுதா கட்டுவது, கழியும் கன்றுக்குப் பாலை நிறுத்தாமல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடையிடையே ஊட்டுவது, உரிய வயதில் தொண்டை அடைப்பானுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசி போடுவது என எல்லாம் விரிவாக்கத் துறையின் கையேடுகளில் படங்களோடு அச்சிடப்பட்டிருக்கின்றன. தொண்டை அடைப்பானுக்கு மட்டும் ஒரு சொல். அந்நோய் பசுவைவிட எருமையைக் கடுமையாகத் தாக்கும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும்.

அறிவுரை கையேட்டில் இருந்தும் கன்று ஏன் சாகிறது? இங்கேதான் நாம் தொழுவத்தைவிட்டு வெளியே வந்து பால் வணிகத்தின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கன்றுக்கு முதல் மாதம் நாளொன்றுக்கு 3 லிட்டர், இரண்டாம் மாதம் 2 லிட்டர், மூன்றாம் மாதம் 1 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் 180 லிட்டர் ஆகிறது. லிட்டர் 50 ரூபாய் என்று கொண்டால் 9,000 ரூபாய். மூன்று மாதக் கடாக்கன்றை இன்று பெரும்பாலான சந்தைகளில் விற்றால் இதில் பாதிகூடக் கிடைக்காது. கொழுப்புச் சத்தை அளந்து விலை தரும் நம் கொள்முதல் முறையில், கறவையின் கடைசியில் வரும் பால்தான் கொழுப்பு மிகுந்தது. கன்றுக்கென்று மடியில் விடப்படும் பாலும் அந்தக் கடைசிப் பால்தான். கன்று ஒவ்வொரு மடக்குக் குடிக்கும்போதும் விவசாயியின் கண்முன் காசு கரைகிறது. அவர் கொடுமைக்காரர் அல்லர். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் விலை ஏறும்போதெல்லாம் அவர் கணக்கில் வெட்டப்படும் முதல் செலவு கன்றின் பங்காக இருக்கிறது.

பசுவைக் காட்டிலும் எருமை கன்றோடு அதிகம் ஒட்டியது. கன்று அருகில் வந்து முட்டினாலொழியப் பல எருமைகள் பாலை இறக்குவதில்லை. முன்பு இந்த ஒட்டுதலே கன்றுக்கு ஓரளவு காப்புறுதியாக இருந்தது. கன்று செத்தால் பால் போகும் என்ற அச்சத்தால் அதைக் குற்றுயிராகவேனும் வைத்திருந்தார்கள். இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து எருமையின் முன் நிறுத்தினார்கள். அந்தப் பொம்மையை நக்கிக்கொண்டே எருமை பால் தரும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பின்னர் ஊசி வந்தது. ஆக்சிடோசினை ஊசி வழியே செலுத்தினால் கன்று இல்லாமலே பால் இறங்கிவிடும். கன்றுக்கு இருந்த அந்தக் கடைசிக் காப்புறுதியும் அன்றோடு முடிந்தது.

பால் கறப்பதற்காக விலங்கின் உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். அதற்கு மேலும் ஒரு தடை முயற்சி நடந்தது. தனியார் நிறுவனங்கள் ஆக்சிடோசின் தயாரிப்பதற்கு மத்திய அரசு 2018-இல் தடை விதித்தது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தத் தாய்மார்களுக்கு இன்றியமையாத மருந்து அது என்பதால், அந்தத் தடையை அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு சரியானதே. ஒரு மருந்தைத் தடுத்துக் கன்றைக் காப்பாற்ற முடியாது. ஊசியைத் தேவையாக்கிய பொருளாதாரம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பொருளாதாரத்தின் முழு உருவத்தைக் காண மும்பைக்குப் போக வேண்டும். 'தபேலா' என்று அங்கே அழைக்கப்படும் நகர எருமைக் கொட்டில்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நகருக்குப் பால் ஊற்றி வருகின்றன. நகரின் நடுவே நெரிசலில் கிடந்த எருமைகளை வெளியேற்றி, கோரேகாவ் பகுதியில் 1949-இல் ஆரே பால் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. அன்றைக்கு அது ஒரு முன்னோடி ஏற்பாடு. சுகாதாரமான கொட்டில்களும் பால் பதப்படுத்தும் ஆலையும் அங்கு வந்தன. ஆனால், தொழிலின் அடிப்படை மாறவில்லை. ரோத்தக், ஜீந்த், ஹிசார் பகுதிகளிலிருந்து முரா எருமைகளும், குஜராத்திலிருந்து மெஹ்சானா, ஜாஃபராபாதி எருமைகளும் கன்று ஈன்ற கையோடு வாங்கிக் கொண்டுவரப்படும். நகரத்தில் இடம் விலையுயர்ந்தது, தீவனம் விலையுயர்ந்தது, பாலும் விலையுயர்ந்தது. அங்கே கன்று நிற்கும் நான்கு அடி இடத்துக்குக்கூட வாடகைக் கணக்கு உண்டு. நெடும்பயணத்தில் நொந்து வந்த கன்று சில வாரங்களில் ஓய்ந்துவிடும். பால் வற்றிய பின் எருமையை மீண்டும் சினைப்படுத்தி ஓராண்டு காத்திருப்பதைவிட, இறைச்சிக்கு விற்றுவிட்டுப் புதிய எருமை வாங்குவது லாபம்.

இதன் விளைவு மும்பையோடு நின்றுவிடவில்லை. மிகுதியாகப் பால் கறக்கும் எருமைதான் நல்ல விலைக்கு நகரத்துக்குப் போகிறது. அது தன் வாழ்நாளில் ஐந்தாறு கன்றுகளை ஈனக்கூடியது. ஒன்றோ இரண்டோ ஈன்றதோடு அதன் கதை முடிகிறது. அந்த ஒன்றும் சாகிறது. ஹரியாணாவின் சிறந்த எருமைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி வடிகட்டி எடுக்கப்பட்டு வீணாகியிருக்கின்றன. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், நகரங்களில் வளர்க்கப்படும் மாடுகளை மீண்டும் கிராமங்களில் குடியமர்த்துவதையும் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருந்ததற்கு இதுவும் காரணம். கூட்டுறவுப் பால் நகரங்களை எட்டியது. தபேலாக்கள் இன்னும் இருக்கின்றன. கராச்சியின் லாந்தி கால்நடைக் குடியிருப்பிலும் இதே கதைதான். எருமைப் பாலில் மொசரெல்லா பாலாடைக்கட்டி செய்யும் இத்தாலியின் கம்பானியா பகுதியிலும் கடாக்கன்றுகளை என்ன செய்வது என்பது தீராத தலைவலி. இது ஏழை நாட்டின் அறியாமையால் மட்டும் வருவதல்ல.

கடாக்கன்றின் மதிப்பு ஒரு காலத்தில் இவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. சேற்று உழவுக்கும் வண்டிக்கும் கடா தேவைப்பட்டது. டிராக்டர் அந்தத் தேவையை முடித்து வைத்தது. எஞ்சியது இறைச்சி மட்டுமே. 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், சாகவிடப்படும் கடாக்கன்றுகளை மீட்டு, வளர்த்து, இறைச்சிக்கு விற்கும் ஒரு திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. மெலிந்து செத்துப் புதைக்கப்படும் விலங்கை வருமானமாக மாற்றும் நோக்கம் அதில் தெளிவாக இருந்தது. எனினும், அது நாடு தழுவிய பழக்கமாக மாறவில்லை. 2017 மே மாதம் வெளியான கால்நடைச் சந்தை விதிகள், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்தன. எருமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த இடைக்காலத் தடையை உச்சநீதிமன்றம் பின்னர் நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தியது. அந்த விதிகளை ஆதரித்தவர்கள் விலங்குகளின் மேல் கொண்ட இரக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், வளர்ந்த கடாவுக்கு விலை இல்லை என்றாகும்போது, கடாக்கன்றுக்குக் காம்பும் இல்லை என்றாகும். ஒரு முறை வெட்டுப்படும் சாவைத் தடுக்கப் போய், ஆறு வாரம் பசியில் இழுத்துக்கொண்டு சாகும் சாவைப் பெருக்கிவிடக்கூடாது.

தேர்க்காலில் அகப்பட்டு மடிந்த கன்றுக்காகத் தன் மகனையே தண்டித்த சோழனின் கதையைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அது பசுங்கன்று. பசுவுக்கு இந்நாட்டில் சட்டம் இருக்கிறது, கோசாலை இருக்கிறது, கட்சி இருக்கிறது. எருமை ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்ததாக ஒரு கதையும் இல்லை.

கடாக்கன்று பிறப்பதையே குறைத்துவிடலாம் என்பது இப்போதைய நம்பிக்கை. பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்தைப் பயன்படுத்தினால் பத்துக்கு ஒன்பது கிடேரிகள் பிறக்கும். ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் கீழ் இதற்கு மானியமும் உண்டு. வரவேற்க வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால், எருமையில் சினைப் பருவ அறிகுறிகள் வெளியே தெரியாமல் போவது மிகுதி. சினை ஊசியின் வீச்சு பசுவில் இருப்பதுபோல எருமையில் இல்லை. தவிர, சீம்பால் கிடைக்காத தொழுவத்தில் கிடேரிக் கன்றும் சாகத்தான் செய்யும். விலை கொடுத்து வாங்கிய விந்தில் பிறந்த கிடேரி பத்தாம் நாள் கழிச்சலில் போனால், அந்த மானியம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கிடேரிக் கன்றின் இழப்பு, கறப்பவரின் சொந்தக் கணக்கிலேயே உதைக்கும். பத்துக் கறவை எருமைகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஈற்றுக்கு இடையே 15 மாதம் என்றால் ஆண்டுக்கு எட்டுக் கன்றுகள். அவற்றில் நான்கு கிடேரி. நான்கில் ஒன்று இறந்தால் மூன்று. வளர்ந்த பின் சினை பிடிக்காமல் போவது, விபத்து, நோய் எல்லாம் கழித்தால் இரண்டு மிஞ்சலாம். அவையும் முதல் கன்று ஈன மூன்றரை ஆண்டுகள் ஆகும். வயதாகி வெளியேறும் எருமைகளின் இடத்தை நிரப்பவே அந்த இரண்டும் சரியாகப் போய்விடும். நல்ல தாயின் கன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விற்கும் வாய்ப்பே அந்தப் பண்ணைக்கு இல்லை. கன்று இறப்பு இருபதில் ஒன்றாகக் குறைந்தால் மட்டுமே தேர்வு என்ற ஒன்று தொடங்குகிறது. மூன்று மாதப் பாலைச் சேமித்தவர், சில ஆண்டுகள் கழித்துப் பெரும் விலை கொடுத்து வெளியிலிருந்து எருமை வாங்க வேண்டியிருக்கிறது. இந்த நட்டம் வேறொரு ஆண்டின் செலவாக வந்து நிற்பதால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் எருமையே அருகி வருகிறது. 2012-இல் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2019-இல் ஏறத்தாழ 5.2 லட்சமாகச் சரிந்தது. மேய்ச்சல் நிலமும் குளங்களும் சுருங்கியது, கலப்பினப் பசுவின் வரவு என்று காரணங்கள் பல. கன்று இறப்பு அவற்றில் ஒன்றே. எனினும், இருப்பவை குறையக் குறைய, ஒவ்வொரு கிடேரிக் கன்றின் மதிப்பும் கூடுகிறது என்பதை நம் துறையினர் உணர வேண்டும். நீலகிரியின் தோடா எருமைக்கும் பர்கூர் மலை எருமைக்கும் இது இன்னும் பொருந்தும். அங்கெல்லாம் ஒரு கன்றின் சாவு ஓர் இனத்தின் இழப்பு.

என்ன செய்யலாம்? முதலில் எண்ண வேண்டும். கால்நடைகளுக்கு 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை பொருத்தி, கணினியில் பதிவு செய்யும் பெரும் பணி நடந்து வருகிறது. ஆனால், அந்தக் காதுவில்லை பெரும்பாலும் தடுப்பூசி முகாமில்தான் கன்றின் காதில் ஏறுகிறது. கோமாரித் தடுப்பூசி நான்கு மாதம் நிறைந்த கன்றுகளுக்கே போடப்படுகிறது. அதற்கு முன் இறந்த கன்று, அரசின் ஏட்டில் பிறக்கவே இல்லை. கால்நடைக் கணக்கெடுப்பும் உயிரோடு இருப்பவற்றைத்தான் எண்ணும். காப்பீடும் பெரும்பாலும் கறவை மாட்டுக்குத்தான். ஆக, மிகுதியான சாவு நிகழும் அந்த மூன்று மாதம் முழுவதும் யாருடைய பார்வையிலும் படாத காலமாக இருக்கிறது.

நாள்தோறும் காலையும் மாலையும் எருமை வளர்ப்போர் அனைவரும் தவறாமல் வந்துபோகும் இடம் ஒன்று ஊரில் உண்டு. அது பால் கூட்டுறவுச் சங்கம். எந்த வீட்டு எருமை என்று ஈன்றது என்பது பால் ஊற்றும் அளவு கூடுவதிலிருந்தே சங்கச் செயலருக்குத் தெரிந்துவிடும். ஈன்ற தேதியை அங்கேயே எழுதிவைத்து, பத்தாம் நாள் பால் பணத்தோடு ஒரு வேளைக் குடற்புழு மருந்தையும் கையில் கொடுத்துவிடுவது செய்யக்கூடிய காரியம். மூன்று மாதம் முடிந்து கன்று உயிரோடும் உரிய எடையோடும் இருந்தால், ஆணோ பெண்ணோ, அதற்கு ஒரு வளர்ப்புத் தொகை தரலாம். 180 லிட்டரில் ஒரு பகுதியின் விலையை ஒன்றியமும் அரசும் பகிர்ந்துகொள்ளலாம். முதல் மாதத்துக்குப் பிறகு பாலின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கன்றுத் தீவனத்தை மானியத்தில் கொடுப்பதும் இதே கணக்கில் சேரும். இலவசப் பசு, மானியக் கடன் என்று புதிய மாடு வாங்கச் செலவிடும் அரசுகளுக்கு, பிறந்த மாட்டைக் காப்பதற்கான செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கால்நடைத் துறையின் அளவுகோலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மருந்தகத்தின் மாதாந்திரப் பணி ஆய்வில் எத்தனைச் சினை ஊசி போடப்பட்டது என்று கேட்கப்படுகிறது. எத்தனைக் கன்று பிறந்தது என்றும் கேட்கப்படுகிறது. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: பிறந்தவற்றில் எத்தனை, தொண்ணூறாம் நாள் நின்றுகொண்டிருந்தன, கடா எத்தனை, கிடேரி எத்தனை. அந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு மாதமும் ஆட்சியர் அலுவலகத்தில் உரக்கப் படிக்கச் சொன்னால், எந்த ஊரில் நோய் இருக்கிறது, எந்த ஊரில் கணக்குத்தான் கன்றைக் கொல்கிறது என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும்.